சாக்லேட் வாழைப்பழக் கடையின் போணி

1

எங்கள் ஃப்ரீசரில் ஒரு கிலோ மீன் மசாலா கிடக்கிறது. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து என் அம்மா அரைத்துக் கொடுத்தனுப்பியது. இன்று காலை பட்டாணிப் பாக்கெட்டைத் தேடும்போது கையில் தட்டுப்பட்டது. பிரிக்காத பொட்டலம். அதை அடியில் தள்ளிவிட்டு, பட்டாணியையும் எடுக்காமல் கதவைச் சாத்தினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நாங்கள் ஜப்பானுக்கு வந்து இன்றோடு பதினோரு வருடம்.

இதைப் படிக்கிற நீங்கள் எப்போதாவது பெசன்ட் நகர் கடற்கரையில் மீன் வறுவல் கடை முன்னால் நின்று, "அக்கா, காரம் கம்மியா" என்று சொல்லியிருந்தால், என் அம்மாவிடம் வாங்கித் தின்றிருக்கலாம். மாதா கோயில் பக்கமிருந்து மணலில் இறங்கினால் மூன்றாவது கடை. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, கடையும் அதோடு போயிற்று. இப்போது பாதி நேரம் கட்டிலில், பாதி நேரம் வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நான் அந்தக் கடை வருமானத்தில் படித்து, தேனாம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் அனுப்பி தோக்கியோவுக்கு வந்தவள். இரண்டே வருடம் என்றுதான் அனுப்பினார்கள். வரும்போது என் மகள் ரியாவுக்கு ஐந்து வயது. இப்போது பதினாறு, மேல்நிலைப் பள்ளியில் முதல் வருடம். தூக்கத்தில் உளறுவதுகூட ஜப்பானிய மொழியில்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளை என்ன உளறுகிறது என்று எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை.

2

இங்கே மேல்நிலைப் பள்ளிகளில் வருடத்துக்கு ஒரு முறை திருவிழா நடக்கும். கோலாட்டம், சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் கிடையாது. பிள்ளைகளே நாடகம் போடுவார்கள், பேய் வீடு கட்டுவார்கள், வகுப்புக்கு ஒரு தின்பண்டக் கடை போடுவார்கள். என்ன கடை என்று முடிவு செய்ய ஒவ்வொரு பிள்ளையும் ஒரு யோசனையைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பண்டத்தின் பெயர் என்ன, என்னென்ன சேரும், எப்படிச் சூடாக்குவது, எத்தனை நிமிடம் என்று நாலு கட்டம். வீட்டில் கேட்டும் எழுதலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

ரியா அந்தச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "அம்மா, ஏதாவது ஐடியா இருக்கா?" என்றாள். அவள் என்னிடம் ஏதாவது கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எழுந்து நின்றுவிட்டேன். கரண்டி கீழே விழுந்தது.

போன வருடம் என்னென்ன போட்டார்கள் என்று விசாரித்தேன். வறுத்த நூடுல்ஸ், குச்சியில் குத்திய சாசேஜ், ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை, சாக்லேட்டில் முக்கிய வாழைப்பழம். என் வீட்டுக்காரர் தி.நகர்க்காரர், அவர் புத்தி பஜ்ஜியைத் தாண்டிப் போகாது. "மொளகா பஜ்ஜி போடச் சொல்லு, பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். போய்யா நீயும் உன் பஜ்ஜியும் என்று சீட்டைப் பிடுங்கி, மீன் வறுவல் என்று எழுதினேன்.

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுதினேன். ரியா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். மீனைக் கழுவி என்று நான் எழுத நினைத்தது, மீனைக் குளிக்க வைத்து என்று வந்திருக்கிறதாம். "துண்டு குடுப்பீங்களா அதுக்கு?" என்றாள். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. தானே திருத்தி நல்ல பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, சீட்டை மடித்துப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

3

எனக்கு வாய் நிற்குமா? அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ரியா பள்ளிக்கூடத்தில் உன் மீன் கடை போடப் போகிறாள் என்று. போடலாமா என்று யோசிக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். போடப் போகிறாள் என்றே சொன்னேன்.

அம்மாவுக்கு வாதம் வந்த பிறகு அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எண்ணெய் எப்படிக் காய வேண்டும், மசாலாவில் எலுமிச்சையை எப்போது பிழிய வேண்டும், வெங்காயத்தை எவ்வளவு மெல்லிசாக அரிய வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். இங்கே பண்டத்தைத் தொடுகிற பிள்ளைகள் எல்லோரும் மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி சொல்ற, பீய குடுத்தாத்தான் கட போட வுடுவானா? நான் அத்தினி வருசம் சும்மாவே போட்டுக்கினு இருந்தேனே."

பத்தே நாளில் மசாலா வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து மிளகாயை வறுக்கச் சொல்லி, போதாது என்று திட்டி, மறுபடி வறுக்கச் சொல்லி, மிஷினுக்கு அனுப்பி, ஊருக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் பெட்டியில் திணித்துவிட்டிருக்கிறாள். கூடவே எனக்கு ஒரு வேலையும் வைத்தாள். "போணி யார் பண்றாங்கன்னு பாத்து வையி. எங்கிட்ட சொல்லணும்."

போணி தெரியாத சென்னைக்காரர் இல்லை. அன்றைய முதல் வியாபாரம், அது எந்தக் கையோ அந்தக் கையின் ராசிதான் அன்றைக்கு முழுக்க. ஆனால் அம்மாவின் சட்டம் இன்னும் கறாரானது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டே இருந்தது. இருட்டின பிறகும் கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், நைனா எனக்குக் கொடுத்திருந்த காசை எடுத்துக்கொண்டு போய், கடை முன்னால் நின்று, "அக்கா, ஒரு சங்கரா" என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

"வூட்டாளு கை போணி ஆவுமாடி? தள்ளி நில்லு. வெளியாளு வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் குடையோடு வந்து வாங்கினார். அம்மா அந்த நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் எனக்கு மீன் கொடுத்தாள். தினமும் அப்படித்தான். யார் பெற்ற பிள்ளையோ, அவர் காசைக் கண்ணில் வைப்பாள்.

4

அடுத்த வாரம் ரியா வந்து, மீன் கிடையாது என்றாள். பள்ளிக் கடைகளுக்கு அனுமதி தருகிற சுகாதார அலுவலகத்தில் மறுத்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

விட்டுத்தள்ளு என்றார் வீட்டுக்காரர். எனக்கு அது பழக்கமில்லை. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு புரோக்கர் வந்து, மணலில் இனிமேல் கடை போடக் கூடாது, மாநகராட்சியில் சொல்லிவிட்டார்கள், வேண்டுமானால் தான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் அவனைச் சுற்றி நின்றார்கள். அம்மா நிற்கவில்லை. எழுத்துப் படிக்க என்னைப் பள்ளிச் சீருடையோடு கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து, அதிகாரியைப் பார்த்து, நேராகக் கேட்டாள். அப்படி ஓர் உத்தரவே இல்லை என்றார் அவர். திரும்பி வரும் வழியில் அம்மா எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துச் சொன்னாள், "இல்லன்னு சொல்றவன் வாயாலயே அத்த கேக்கணும். நடுவுல கீறவன் சொல்றத நம்பாத."

அதுதான் எனக்கு அவள் கொடுத்த படிப்பு. விசாவுக்கு, வீட்டு வாடகைக்கு, ரியாவைப் பள்ளியில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அப்படியே செய்திருக்கிறேன். ஜப்பானில் அது பெரும்பாலும் அநாகரிகம் என்று தெரிந்தும் செய்திருக்கிறேன்.

அரை நாள் லீவு போட்டேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனேன்.

5

கவுன்டரில் சின்ன வயதுப் பையன் ஒருவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கோப்பை எடுத்துப் புரட்டினார். பள்ளியின் பெயர், வகுப்பின் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. பண்டம் என்ற இடத்தில் சாக்லேட் வாழைப்பழம் என்று இருந்தது. மீனைப் பற்றி யாரும் விண்ணப்பிக்கவே இல்லையே என்றார். கேட்காததை நாங்கள் எப்படி மறுக்க முடியும் என்பதை அவர் எவ்வளவோ மரியாதையாகச் சுற்றி வளைத்துச் சொன்னார். ஏற்கெனவே வெட்டி உறைய வைத்த மீனை நன்றாகப் பொரித்தால் அனுமதித்திருக்க வாய்ப்பு உண்டாம். இனிமேல் கெடு முடிந்துவிட்டதாம். தவறு தன்னுடையது என்பதுபோல் நாலு தடவை குனிந்தார்.

அங்கே பொய் சொன்னவன் புரோக்கர். இங்கே என் மகள். அடுத்த ஆள் பின்னால் வந்து நின்ற பிறகுதான் நகர்ந்தேன்.

சாயங்காலம் நான் கேட்டதும் ரியா பென்சில் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். எட்டாக மடித்திருந்தது. கத்தினால் பதிலுக்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத் தமிழில்தான் சொன்னாள்.

"நான் குடுக்கவே இல்லம்மா. சாக்லேட் வாழைப்பழம்னு எழுதிக் குடுத்தேன். எல்லாரும் எழுதற மாதிரி ஒண்ணு எழுதணும் போல இருந்துது."

நான் கத்தினேன். அவ்வளவும் கத்தினேன். உன் அம்மா படித்த படிப்பு முழுக்க மீன் எண்ணெயில் வந்தது, உன் ஆயா ஒற்றைக் கையோடு காத்துக்கொண்டிருக்கிறாள் என்றெல்லாம். அவள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் மட்டும் பெரிய யோக்கியமா? அடையாறில் படிக்கும்போது தினமும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அம்மா கடை வைத்திருக்கிறாள் என்று சொல்வேன், என்ன கடை என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. ஆனால் அம்மாவை அம்மா இல்லை என்று நான் சொன்னதில்லை.

நாலு நாள் கழித்து அதுவும் வந்தது. அந்தக் கவுன்டர் பையன் கடமை தவறாமல் பள்ளிக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பெயர் சொல்லாமல் வகுப்பில் அறிவித்திருக்கிறார். யாரோ ஓர் இந்தியப் பெண் மீன் பொரிப்பது பற்றி நேரே போய்க் கேட்டிருக்கிறார், எது கேட்பதானாலும் பள்ளி வழியாகக் கேளுங்கள் என்று. வகுப்பே திரும்பி ரியாவைப் பார்த்ததாம்.

"எங்கம்மா இல்லன்னு சொல்லிட்டேன்," என்றாள் ரியா. "இந்த ஏரியால நிறைய இந்தியர் இருக்காங்கன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. நீ திருவிழாவுக்கு மட்டும் வராதம்மா."

சரி என்றேன்.

6

போவதாக எனக்கு எண்ணமே இல்லை. ஆனால் திருவிழா அன்றைக்கு அம்மா, அங்கே விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டாள். மீன் ஊறிவிட்டதா என்று கேட்டாள். அவளிடம் நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை. வாரக்கணக்கில் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளி, மசாலா வந்து சேர்ந்ததைச் சொன்னேன், எண்ணெய் வாங்கியதாகச் சொன்னேன். பொய் சொல்வதில் நான் என் மகளுக்குச் சளைத்தவளில்லை. ஊறிவிட்டது என்றேன். போணியைப் பார்த்து வைக்க மறுபடி ஞாபகப்படுத்தினாள்.

ஒரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

பள்ளி மைதானத்தில் வரிசையாகக் கடைகள். நூடுல்ஸ் கடையில் கூட்டம் வளைந்து நின்றது. சாசேஜ் கடையிலும் நல்ல கூட்டம். சாக்லேட் வாழைப்பழத்தை மட்டும் வேறு இரண்டு வகுப்புகளும் போட்டிருந்தன. அவை வாசலுக்குப் பக்கத்தில். ரியாவின் கடை கடைசியில், சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி. குச்சி குத்திய வாழைப்பழங்கள் வண்ண மிட்டாய்த் தூள் தூவி அடுக்கி வைத்தது வைத்தபடி இருந்தன. பிள்ளைகள் கூவிக்கூவிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். கால் மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை.

ரியா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாள். வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதும், அவர்கள் தாண்டிப் போனதும் பழங்களை ஒரு தடவை சரிசெய்வதுமாக. அந்த முகம் எனக்குத் தெரியும். தூறலில் எத்தனை சாயங்காலம் அதைப் பார்த்திருக்கிறேன். போணி ஆகாத முகம். பொய்யெல்லாம் மறந்துபோயிற்று. என் பிள்ளை போணி ஆகாமல் நிற்கிறாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது. ஓடிப்போய் வாசலில் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினேன்.

முகக்கவசத்துக்கு மேலே கண் இருக்கிறதே, பெற்றவள் கண். அவளுக்குத் தெரியாமல் போகுமா? ஒரு கணம் அவள் கை நின்றது. பக்கத்தில் இருந்த பெண் என்னையும் ரியாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உனக்குத் தெரிந்தவரா என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த அளவுக்கு ஜப்பானிய மொழி எனக்குப் புரியும்.

தெரியாது என்றாள் ரியா.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, கடைக்கு வருகிறவருக்குச் சொல்கிற வரவேற்பைச் சொன்னார்கள். ரியாவும் சொன்னாள். ஒரு வாழைப்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரை குனிந்தாள். நானும் குனிந்தேன். மற்றவர்கள் கை தட்டினார்கள், முதல் வியாபாரம் அல்லவா.

நான் நாலு அடி நகர்வதற்குள் ஒரு கிழவரும் அவர் பேத்தியும் வந்து நின்றார்கள். பிறகு நாலைந்து பையன்கள். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் போய்த் திரும்பிப் பார்த்தபோது வரிசை நூடுல்ஸ் கடை வரைக்கும் வந்திருந்தது. ரியா சிரித்துக்கொண்டே எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நான் அங்கேயே நின்று அந்தப் பழத்தைத் தின்றேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அழுதுகொண்டே முழுவதையும் தின்று, குச்சியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

7

சாயங்காலம் அம்மா வீடியோவில் வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் போனைப் பிடித்திருந்தாள். அம்மாவுக்குத் தலை வாரி, பூ வைத்துவிட்டிருந்தார்கள். இதற்காகவாம். ரியா வந்துவிட்டிருந்தாள். அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் நின்றிருந்தது.

கடை எப்படி என்று கேட்டாள் அம்மா. நல்ல கூட்டம் என்றேன், அது உண்மை. எல்லாம் விற்றுப்போயிற்று என்றேன், அதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ரியா எங்கே என்றாள். அசந்து தூங்குகிறாள் என்றேன். கடை போட்டவளுக்கு உடம்பு வலிக்கத்தானே செய்யும் என்று அம்மாவே சமாதானம் சொன்னாள்.

"போணி யார்டி பண்ணது?"

யோசிக்காமல் வந்துவிட்டது. "நான்தாம்மா."

அம்மா முகம் சுருங்கியது. "நீயா? அறிவு கீதாடி உனக்கு? வூட்டாளு கை போணி ஆவுமா? எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன். அது கணக்கே இல்ல. வெளியாளு யாரு மொதல்ல வாங்கனது, அத்த சொல்லு."

கதவைப் பார்த்தேன். அது திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ வலையை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"வெளியாளுதாம்மா," என்றேன். "ஒரு பொம்பள. முன்னபின்ன தெரியாதவங்க. அவங்க வாங்கிட்டுப் போனதும் கூட்டம் வந்துடுச்சு."

"நல்ல கை," என்றாள் அம்மா. "எந்த மவராசியோ, நல்லா இருக்கணும்."

சொல்லிவிட்டு, விழாத இடது கையைத் தூக்கி, இல்லாத நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.